சுங்கந் தவிர்த்த சோழனும் பனையோலைப் பெட்டியும்

இலக்கிய ஏடொன்றிலே சுங்கத்தைப் பற்றி எழுதுவதா என்று நண்பர்கள் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். ஏற்றுமதி, இறக்குமதி, தீர்வை, பிரகடனப் பத்திரம் என்பன வணிகர்களும் அவர்தம் முகவர்களும் கணக்கர்களும் தமக்குள்ளே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விடயங்கள் என்றும், எழுத்தாளனுக்கு அங்கே வேலையில்லை என்றும் அவர்கள் கருதுகின்றனர். இக்கருத்தை நாம் மறுக்கின்றோம். மனிதனுடைய உழைப்பு பண்டமாகி, அப்பண்டம் கடல் கடக்க முற்படும் இடத்திலே அதனை மறித்து நிற்கின்ற ஒன்றைப் பற்றி எழுதுவது இலக்கியகாரனின் கடமைக்குப் புறம்பானதென்றால், பின்னர் எதுதான் அவன் கடமை?

எம் முன்னோருக்கு இந்தக் கூச்சம் இருந்ததில்லை. பட்டினப்பாலை பாடிய உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்துப் பண்டசாலை முற்றத்தையும், அங்கே மலையெனக் குவிந்த பண்டங்களின்மீது புலி இலச்சினை பொறித்துச் சுங்கங் கொண்ட காவலரையும் பாடத் தயங்கவில்லை. வள்ளுவர் பொருள் செயல்வகை என்னும் அதிகாரத்திலே, உல்கினால் வரும் பொருளை அரசனுக்குரிய பொருள்களுள் ஒன்றாக வைத்தெண்ணினார். முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கந் தவிர்த்த சோழன்' என்றே ஒரு பட்டம் வழங்கிற்று. களத்திலே பெற்ற வெற்றிகளோடு ஒருங்கு வைத்துச் சுங்கத்தை நீக்கிய செயலும் பட்டப்பெயராய் நிலைத்ததென்றால், சுங்கம் மக்கள் வாழ்வை எவ்வளவு ஆழமாகத் தொட்டிருந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. இவற்றையெல்லாம் வகுப்பறையிலே உரை கூறிக் கற்பிக்கின்ற நாம், இன்றைய சுங்கத்தை மாத்திரம் எமக்கு அப்பாற்பட்டதென்று ஒதுக்கி வைத்திருக்கின்றோம்.

சென்ற ஆண்டிலே நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சிதான் இந்த உண்மையை எமக்கு உணர்த்தியது. நாம் மன்னார் மாவட்டத்திலே தமிழாசிரியத் தொழில் பார்த்து வருகின்றோம். எம்மிடம் பயிலும் மாணவி ஒருத்தியின் தாயார், அயலிலுள்ள பெண்கள் சிலருடன் சேர்ந்து பனையோலைப் பெட்டிகளும் பாய்களும் இழைத்து விற்பவர். தமிழ்நாட்டு வணிகர் ஒருவர் உறவினர் வழியாக அவற்றைக் கண்டு விரும்பி, நானூறு பெட்டிகள் அனுப்ப இயலுமா என்று கேட்டிருக்கின்றார். அப்பெண்களுக்கு அது பெரிய செய்தி. மாரிக்கு முன்னர் கூரையைத் திருத்தலாம், பிள்ளைகளின் படிப்புச் செலவைப் பார்க்கலாம் என்றெல்லாம் கணக்கிட்டு, ஓலை வாங்கக் கடனும் பட்டுவிட்டனர். ஒருநாள் மாலை அத்தாயார் கையில் ஒரு கட்டுக் கடதாசியுடன் எம் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்தார்.

"சேர், நீங்கள் கம்பசிலை படிச்சனீங்கள். இதில என்ன கேட்டுக் கிடக்குதெண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ" என்றார்.

வாசித்தோம். எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. சொற்களுக்குத் தனித்தனியே பொருள் தெரிந்தது. ஆனால் அப்பத்திரம் அந்தப் பெண்ணிடம் எதனைக் கேட்கின்றது என்பது விளங்கவில்லை. தொல்காப்பியச் சூத்திரத்துக்கு மூன்று உரையாசிரியர் கூறிய பொருளை ஒப்பிட்டுப் பரீட்சை எழுதிப் பட்டம் பெற்ற நாம், ஒரு பெட்டியைப் பாக்கு நீரிணையைக் கடந்து அனுப்புவதற்கு வேண்டிய பத்திரத்தின் முன்னே எழுத்தறியாதவராய் நின்றோம். அந்த வெட்கத்தை மறைக்காமல் இங்கே எழுதி வைக்கின்றோம்.

பின்வந்த நாட்களிலே விசாரித்து அறிந்தவற்றைச் சுருக்கிக் கூறுவோம். ஏற்றுமதி செய்ய விரும்புபவர் முதலில் வரி செலுத்துநர் இலக்கம் பெற்று, ஏற்றுமதியாளராகச் சுங்கத்திலே பதிவு செய்துகொள்ள வேண்டும். விலைப்பட்டியலும் பொதிப்பட்டியலும் தயாரிக்க வேண்டும். சுங்கப் பிரகடனத்தைக் கணினி வழியாகச் சமர்ப்பிக்க வேண்டும். அம்முறையை அறியாதவர் உரிமம் பெற்ற முகவர் ஒருவரைக் கூலிக்கு அமர்த்த வேண்டும். இந்தியாவிலே தீர்வைச் சலுகை பெறுவதற்கு, பண்டம் இலங்கையில் உற்பத்தியானதே என்று வர்த்தகத் திணைக்களம் வழங்கும் மூலச் சான்றிதழ் தேவை. ஓலை தாவரப் பொருள் ஆதலால் தாவரத் தடைகாப்புச் சான்றும் தேவையா என்று கேட்டறிய வேண்டும். தேவையெனின் அதற்குரிய தலைமைச் சேவை நிலையம் இருப்பது கட்டுநாயக்காவில். அக்கரையிலே இந்தியாவின் 2003ஆம் ஆண்டுத் தாவரத் தடைகாப்பு ஆணை காத்திருக்கின்றது. அதற்கும் மேலாக, 2020 செப்ரெம்பரில் நடைமுறைக்கு வந்த இந்தியச் சுங்க விதிகளின்படி, சான்றிதழ் ஒன்று மாத்திரம் போதாது. பண்டம் எவ்வாறு, எதிலிருந்து, எங்கே செய்யப்பட்டது என்ற விவரங்களை இறக்குமதி செய்பவர் தம் கையில் வைத்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்கு அவற்றைப் பேண வேண்டும். பெட்டி வாங்க விரும்பிய சிறு வணிகர் இதனைக் கேட்டதும் எவ்வளவு உற்சாகம் அடைந்திருப்பார் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பண்டத்தின் குறியீட்டு இலக்கம் என்று ஒன்றுண்டு. உலகச் சுங்க நிறுவனம் வகுத்த ஒருங்கிசைந்த அட்டவணையிலே உலகத்துப் பண்டங்கள் யாவும் இலக்கங்களாகியுள்ளன. ஒரே பனையோலை பாயாக இழைக்கப்பட்டால் 46.01, பெட்டியாக முடையப்பட்டால் 46.02, தொப்பியாகப் பின்னப்பட்டால் 65.04, ஈர்க்கைக் கட்டித் துடைப்பமாக்கினால் 96.03. இவ்வகுப்பு முறையிலே ஓர் ஒழுங்கு உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. மொழியைப் பெயர், வினை, இடை, உரி என்று வகுத்துக் கற்பிப்பவர்களுக்கு வகுப்பு முறையின் பயன் தெரியாததன்று. ஆனால் இலக்கம் பிழைத்தால் தீர்வை பிழைக்கும். தீர்வை பிழைத்தால் அது குற்றமாகும். வாழ்நாள் முழுவதும் ஓலை வார்ந்த கை, தான் செய்த பொருளின் பெயரைத் தானே சொல்ல முடியாமல், அதனைச் சொல்வதற்கு இன்னொருவனுக்குக் கூலி கொடுக்க வேண்டியிருக்கின்றது.

இனி வழியைப் பாருங்கள். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தூரம். 1914இல் இரு கரைகளின் புகையிரதப் பாதைகளையும் கப்பலால் இணைத்தார்கள். 1964 டிசம்பரிலே வீசிய பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன் பின்னரும் இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பல், 1980களின் முற்பகுதியில் போர்ச் சூழல் மூண்டபோது நின்றுபோயிற்று. 2023 ஒக்ரோபர் 14ஆந் திகதி நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கியதென்றால், அது பயணிகளுக்கான சேவை. பெட்டி விற்பவருக்கு அது சரக்கு வழியாகாது. ஆகவே மன்னாரில் முடைந்த பெட்டி முந்நூறு கிலோமீற்றர் தெற்கே கொழும்புக்குச் சென்று, அங்கே துறைமுகத்தில் காத்திருந்து, மீண்டும் வடக்கு நோக்கிக் கடலிலே பயணஞ் செய்து தூத்துக்குடியை அடைய வேண்டும். அக்கரையின் வெளிச்சத்தை இரவிலே காணக்கூடிய ஊரிலிருந்து போகும் பண்டத்துக்கு வகுக்கப்பட்ட வழி இது.

முகவர் கூலி, சான்றிதழ்க் கட்டணம், லொறிக் கூலி, துறைமுகக் கட்டணம், கொழும்புக்குப் போய் வரும் செலவு ஆகிய யாவற்றையும் அத்தாயாரும் நாமும் ஒரு கொப்பியிலே எழுதிக் கூட்டினோம். பெட்டிகளின் பெறுமதியிற் பாதியை அத்தொகை நெருங்கிற்று. இங்கேதான் விடயத்தின் மையம் இருக்கின்றது. ஒரு பிரகடனத்துக்கு ஆகும் செலவு, அதனுள் நானூறு பெட்டிகள் இருந்தாலும் நாற்பதாயிரம் பெட்டிகள் இருந்தாலும் பெரிதும் வேறுபடுவதில்லை. கொள்கலனை நிரப்பக்கூடியவனுக்கு அச்செலவு ஒரு பெட்டிக்குச் சில சதங்களாகக் கரைந்துவிடும். சிறு பொதியை அனுப்புபவளுக்கு அதுவே பெட்டியின் விலையாகிவிடும். சட்டம் இருவரையும் சமமாகவே நடத்துகின்றது. அந்தச் சமத்துவமே ஒருத்தியைக் கொல்லுகின்றது.

முடிவு என்ன? பெட்டிகள் அனுப்பப்படவில்லை. சில வாரங்களின் பின்னர் தென்பகுதி வணிகர் ஒருவர் அவற்றை மிகக் குறைந்த விலைக்கு மொத்தமாக வாங்கிச் சென்றார். அவரிடம் பதிவு இருந்தது, முகவர் இருந்தார், கொள்கலனில் இடமும் இருந்தது. அவரை நாம் குறை கூறவில்லை. அவர் தம் தொழிலைச் செய்தார். ஆனால் பெட்டிக்கும் விலைக்கும் இடையே விழுந்த அந்தப் பங்கு முடைந்தவளின் உழைப்பிலிருந்து போயிற்று. அதை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது அவருடைய திறமையன்று, பத்திரம்.

இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையே சுதந்திர வர்த்தக உடன்படிக்கை இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. உண்டு. 1998 டிசம்பர் 28ஆந் திகதி கைச்சாத்திடப்பட்டு, 2000 மார்ச் மாதம் நடைமுறைக்கு வந்தது. ஆனால் 'சுதந்திரம்' என்னும் சொல்லைக் கண்டு மயங்குதல் கூடாது. உடன்படிக்கை தொடங்கியபோது சலுகைக்கு உட்படாத பண்டங்களென இந்தியா 429 வகைகளையும் இலங்கை 1180 வகைகளையும் ஒதுக்கி வைத்தன. இலங்கைத் தேயிலைக்கு ஆண்டொன்றுக்கு 15 மில்லியன் கிலோகிராம் என்று எல்லை வகுக்கப்பட்டது. அதுவும் தொடக்கத்திலே கொச்சி, கொல்கத்தா ஆகிய துறைமுகங்களின் வழியாக மாத்திரமே செல்லலாம் என்று விதிக்கப்பட்டது. பண்டம் இந்நாட்டுப் பண்டமாகக் கருதப்படுவதற்கு, அதன் பெறுமதியில் குறைந்தது நூற்றுக்கு 35 பங்கு உள்நாட்டிலே சேர்க்கப்பட்டிருத்தல் வேண்டும். தீர்வை என்னும் கதவை அகற்றிய கை, பத்திரம் என்னும் கதவை அதே நிலையிலே மாட்டி வைத்தது.

இவ்விடத்திலே எதிர்த்தரப்பார் ஒரு வலுவான நியாயத்தை முன்வைப்பர். விதிகள் இறுக்கமாக இல்லாவிடின் மூன்றாம் நாட்டுப் பண்டங்கள் இலங்கைப் பண்டமென வேடமிட்டு நுழையும் என்பர். இது வெறும் கற்பனையன்று. பாமெண்ணெயை இறக்குமதி செய்து இங்கே வனஸ்பதியாக்கி இந்தியாவுக்கு அனுப்பிய தொழிற்சாலைகளின் கதையை நாமறிவோம். இறுதியிலே இந்தியா ஆண்டுக்கு 250,000 தொன் என்று அதற்கு வரம்பிட்டது. வியட்நாம் மிளகு இலங்கை வழியாக வருகின்றதென்று கேரளத்து, கருநாடகத்து விவசாயிகள் குரல் எழுப்பினர்; 2017 டிசம்பரில் இந்தியா மிளகுக்குக் கிலோவுக்கு 500 இந்திய ரூபா என்று ஆகக்குறைந்த இறக்குமதி விலையை நிர்ணயித்தது. வயநாட்டிலும் குடகிலும் மிளகு பயிரிடுபவனும் ஏழைதான். அவனுடைய முறைப்பாட்டை நாம் எள்ளி நகையாட மாட்டோம்.

ஆனால் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். பிறநாட்டு மிளகை இலங்கை மிளகாக்க விரும்பியவனுக்கு எது தேவைப்பட்டிருக்கும்? கொள்கலனும், முகவரும், பத்திரமுமே. இம்மூன்றும் அவனிடம் உண்டு. பத்திரமில்லாத மாத்தளைத் தோட்டக்காரன் அந்தப் பித்தலாட்டத்தைச் செய்ய நினைத்தாலும் செய்ய இயலாதவன். ஆயினும் ஆகக்குறைந்த விலை என்னும் அடி விழுந்தது யார் முதுகில்? வீட்டு வளவிலே நாலு கொடி வைத்திருந்து, காயவைத்த மிளகைச் சந்தைக்குக் கொண்டுவரும் அந்தச் சிறு விவசாயியின் முதுகிலேதான். பத்திரங்களைக் கூட்டுவதால் பொய்யன் அகப்படுவதில்லை. பொய்யனுக்குப் பத்திரம் தயாரிப்பதே தொழில். மெய்யனே களைத்துப் போகின்றான்.

வேறு சிலர் உளர். எல்லையைத் திறந்தால் இந்தியப் பண்டங்கள் வந்து எம் நாட்டை மூழ்கடித்துவிடும் என்று அச்சுறுத்துவது அவர்களின் வழக்கம். அவர்களுக்கு நாம் கூறக்கூடியது இதுவே: பெருவணிகரின் பண்டங்களுக்கு எல்லை ஏற்கனவே திறந்துதான் இருக்கின்றது. எம்மூர்க் கடைகளிலே இந்திய மோட்டார்ச் சைக்கிளும் மருந்தும் சேலையும் இல்லாத கடைத்தெரு எது? நாம் கேட்பது அப்பெரிய வாயிலை இன்னும் அகலமாக்கும்படி அன்று. அதன் அருகிலே, மனிதர் தலையிற் சுமந்து செல்லக்கூடிய பொதிக்கு ஒரு சிறு வாயிலை வைக்கும்படியே கேட்கின்றோம்.

இனி எம் நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். இன்றும் இலங்கைச் சுங்கத்தை ஆள்வது, பின்வந்த திருத்தங்களோடு கூடிய 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே. அந்த ஆண்டிலேதான் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டது; அந்த ஆண்டிலேதான் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைநோய் தென்பட்டது. கோப்பித் துரைமார் காலத்துக் குடியேற்ற ஆட்சி, தன் இறைவரியைக் காப்பதற்காக இயற்றிய சட்டம் அது. சுங்கத்தை ஏமாற்ற வருபவன் என்று வணிகனைப் பார்க்கும் பார்வை அதன் அடிநாதம். கைப்பற்றப்பட்ட பண்டங்களாலும் விதிக்கப்பட்ட தண்டங்களாலும் வரும் பணத்திலே உத்தியோகத்தர்களுக்கும் துப்புக் கொடுத்தவர்களுக்கும் ஒரு பங்கு வெகுமதியாகச் செல்லும் ஏற்பாடும் அச்சட்டத்தின் வழி வந்ததே. நேர்மையாய் உழைக்கும் உத்தியோகத்தர் பலர் உளர் என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் பிழை கண்டால் வெகுமதி, பிழை நேராமல் உதவினால் வெறும் நன்றி என்ற ஏற்பாட்டுக்குள்ளே நிறுத்தப்பட்ட மனிதனிடம் நாம் எதை எதிர்பார்க்கலாம்?

2025 சனவரியிலே, துறைமுக நெரிசல் காரணமாக 323 கொள்கலன்கள் பௌதிகப் பரிசோதனையின்றி விடுவிக்கப்பட்ட விடயம் நாடாளுமன்றம் வரை சென்று பேசப்பட்டது. அதிலே யார் சொல்வது மெய், யார் சொல்வது பொய் என்று தீர்ப்புக் கூற நாம் முற்படவில்லை. நெரிசல் மெய்யாகவும் இருக்கலாம். எமக்குப் புலப்படுவது வேறொன்று. விதி என்பது தளரக் கூடியது. தளர்த்துவதற்கு அதிகாரமும் வழியும் உண்டு. பெரியனவற்றுக்காகத் தளரக் கற்றுக்கொண்ட விதி, சிறியனவற்றுக்காக மாத்திரம் கருங்கல்லாய் நிற்க வேண்டும் என்பது எந்த நீதி?

விதி அடைத்த வழியை வாழ்க்கை திறந்துகொள்ளும். ஆனால் கோணலாகத் திறந்துகொள்ளும். 2020ஆம் ஆண்டிலே மஞ்சள் இறக்குமதி தடுக்கப்பட்டபோது, சமையலறையின் சிறு பொட்டலம் அருமருந்தாயிற்று. அதன் பின் மன்னார்க் கரையிலும் வடகரையிலும் மஞ்சள் மூடைகள் பிடிபட்ட செய்தி இல்லாத வாரம் அரிதாயிற்று. பிடிபட்டவர்கள் யார்? பெரும்பாலும் படகோட்டிகளும் கூலிக்குச் சுமந்தவர்களுமே. கடத்தலை நாம் ஆதரிக்கவில்லை; அது இறுதியில் ஏழையையே சிறைக்கு அனுப்புகின்றது. ஆனால் நேரிய வழி ஏழைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும்வரை, கடற்படைக் கலங்களைக் கூட்டுவதால் மாத்திரம் கடத்தல் ஒழியாது.

மொழியைப் பற்றியும் கூற வேண்டும். ஏனெனில் அதுவே எம் தொழில். நயினாதீவிலே முதலாம் பராக்கிரமபாகுவின் கல்வெட்டொன்று உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அச்சாசனம், ஊராத்துறைக்கு வரும் பரதேசிகளாகிய வணிகர் பாதுகாக்கப்படல் வேண்டும் என்று கூறி, யானையும் குதிரையும் ஏற்றி வந்த மரக்கலம் கெட்டால் நாலிலொரு கூறு பண்டாரத்துக்கும் மூன்று கூறு உடையவனுக்கும் சேரும் என்றும், மற்றை வணிகப் பண்டம் ஏற்றிய மரக்கலம் கெட்டால் செம்பாகம் பண்டாரத்துக்கும் செம்பாகம் உடையவனுக்கும் சேரும் என்றும் விதிக்கின்றது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட மன்னன் இவ்விதியை எம்மொழியில் எழுதுவித்தான்? தமிழில். ஏன்? அத்துறையிலே வந்திறங்கும் வணிகனுக்கு அதுவே விளங்கும் என்பதனால். விதிக்கு உட்படுகிறவனுக்கு விதி விளங்க வேண்டும் என்பதை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் அரசு ஒப்புக்கொண்டிருந்தது. பங்கு எவ்வளவு என்பதையும் மறைக்காமல் கல்லிலே வெட்டி, துறையின் அருகிலே நிறுத்தி வைத்தது.

இன்று நிலை என்ன? 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. 1988ஆம் ஆண்டின் பதினாறாம் திருத்தம் வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிருவாக மொழியாக இருக்கும் என்றது. அரசியலமைப்பிலே மொழி இருக்கின்றது. சுங்கப் பிரகடனத்திலே இல்லை. அது ஆங்கிலத்திலேயே நிரப்பப்படுகின்றது. இக்குறை தமிழருக்கு மாத்திரம் உரியதென்று எவரும் எண்ண வேண்டாம். மாத்தளையில் மிளகு காயவைக்கும் சிங்கள விவசாயியும், எம்மூர்ப் பெட்டிக்காரியும், அப்பத்திரத்தின் முன்னே ஒரே ஊமைகளாகவே நிற்கின்றனர். மொழிச் சண்டையிலே எதிரெதிரே நிறுத்தப்பட்ட இருவரையும் இந்தக் கடதாசி ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கின்றது. அவ்வரிசையிலிருந்து இருவரும் ஒரே குரலிற் பேசினால் எத்துணை நன்மை விளையும்!

இவையெல்லாம் ஆகக்கூடியனவா என்று நகைப்பவர்களுக்கு ஆபிரிக்காவைக் காட்டுவோம். கிழக்கு, தெற்கு ஆபிரிக்க நாடுகளின் பொதுச்சந்தை அமைப்பு, சிறு வணிகருக்கென எளிய வர்த்தக முறை ஒன்றை ஏற்படுத்தியது. அயல்நாடுகள் இரண்டும் உடன்பட்ட பண்டங்களின் பொதுப்பட்டியல் ஒன்று. குறித்த பெறுமதிக்கு உட்பட்ட பொதிக்கு எளிய பத்திரம் ஒன்று. எளிய மூலச் சான்றிதழ் ஒன்று. கிழக்காபிரிக்க சமூகத்திலும் 2000 டொலருக்கு மேற்படாத பொதிகளுக்கு அவ்வாறான எளிய சான்றிதழை எல்லையிலேயே பெறும் வழி உண்டு. கென்யாவுக்கும் உகண்டாவுக்கும் இடையிலுள்ள புசியாவிலே இரு நாட்டு உத்தியோகத்தரும் ஒரே கூரையின் கீழ் பணிபுரியும் எல்லை நிலையம் 2018 பெப்ரவரியில் முறைப்படி திறந்து வைக்கப்பட்டது. அங்கே தலையிற் கூடை சுமந்து எல்லை கடப்போரிற் பெரும்பாலோர் பெண்கள். அங்கும் எல்லாக் குறையும் தீர்ந்துவிட்டதென்று நாம் கூற வரவில்லை. ஆனால் சிறு வணிகன் என்று ஒருவன் உண்டென்பதைச் சட்டம் கண் திறந்து பார்த்திருக்கின்றது. இந்தியாவும் இத்தகைய ஏற்பாட்டை அறியாத நாடன்று; பங்களாதேசத்தின் எல்லையிலே, உள்ளூரில் விளைந்தவற்றையும் செய்தவற்றையும் தீர்வையின்றி விற்கும் எல்லைச் சந்தையை 2011இல் மேகாலயத்திலே தொடங்கிப் பார்த்தது. நில எல்லையிலே இயன்றது நீர் எல்லையிலே இயலாதென்பதற்கு என்ன நியாயம்?

உலக வர்த்தக நிறுவனத்தின் வர்த்தக வசதிப்படுத்தல் உடன்படிக்கை 2017 பெப்ரவரி 22ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. இலங்கையும் அதனை ஏற்ற நாடு. அதன் பத்தாம் உறுப்புரை, பத்திரங்களையும் நடைமுறைகளையும் மீளாய்வு செய்து, வணிகருக்கு ஆகும் காலத்தையும் செலவையும் குறைக்க வேண்டுமென்று கூறுகின்றது. ஆகவே நாம் கேட்பது தயவன்று. அரசு தானே ஏற்றுக்கொண்ட கடமையை நிறைவேற்றும்படியே கேட்கின்றோம்.

முதலாவதாக, குறித்த பெறுமதிக்கு உட்பட்ட, இந்நாட்டிலேயே விளைந்த அல்லது கையாற் செய்த பண்டங்களுக்கு ஒரு பக்கத்தில் அடங்கும் எளிய பிரகடனப் பத்திரம் வேண்டும்; அது தமிழிலும் சிங்களத்திலும் இருத்தல் வேண்டும். இரண்டாவதாக, அத்தகைய பண்டங்களுக்கான மூலச் சான்றிதழை மாவட்டச் செயலகத்திலேயே பெறும் வழி வேண்டும். ஓலை எந்தப் பனையிலே வெட்டியது என்பதைக் கொழும்பைவிட மன்னார்க் கச்சேரி நன்கறியும். மூன்றாவதாக, கூட்டுறவுச் சங்கமொன்று பலருடைய சிறு பொதிகளையும் ஒரே பிரகடனத்தின் கீழ் அனுப்பவும், ஒவ்வொருவருக்கும் உரிய விலை அவரவரிடம் சேரவும் சட்டம் இடமளிக்க வேண்டும். நான்காவதாக, கட்டணங்கள் யாவும் மக்கள் மொழியிலே பகிரங்கமாக எழுதி ஒட்டப்படல் வேண்டும். பொதி மறிக்கப்பட்டால் காரணம் எழுத்திலே கொடுக்கப்படல் வேண்டும். ஐந்தாவதாக, தலைமன்னார்த் துறையைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் பயணிகளை மாத்திரம் நினையாது, சிறு பொதிகளையும் நினைத்தல் வேண்டும். இவற்றுள் எதுவும் புரட்சியன்று. எந்த அரசும் ஓராண்டிலே செய்து முடிக்கக்கூடியவை.

இறுதியாக எம்மை நோக்கியே ஒரு கேள்வி. அரசைச் சாடுவது எளிது. தமிழ் கற்றவர்களாகிய நாம் இதுகாறும் என்ன செய்தோம்? கவிதையின் உருவமா உள்ளடக்கமா என்று பக்கம் பக்கமாக வாதிட்டோம். ஒரு வடசொல்லை நீக்குவதா வைத்துக்கொள்வதா என்று பகைத்துக்கொண்டோம். ஆனால் சுங்கப் பத்திரத்துக்கு விளங்கக்கூடிய தமிழ் ஒன்றை ஆக்கித் தருவோம் என்று எம்முள் யார் முன்வந்தார்? அரசகரும மொழி என்பது தேர்தல் மேடையில் முழங்குவதற்குரிய சொல்லன்று. அது ஒரு பெண் தன் பெட்டியை அனுப்பும்போது அவள் கையிலுள்ள கடதாசியில் இருக்க வேண்டிய பொருள். அதை ஆக்கும் வேலையை ஆங்கிலம் கற்ற முகவரிடம் விட்டுவிட்டு, மொழியை வளர்த்தோம் என்று நாம் மார்தட்டுவது பொருந்தாது.

அத்தாயாரும் நாமும் செலவுக் கணக்கெழுதிய கொப்பி இன்றும் எம்மிடம் இருக்கின்றது. அதன் எஞ்சிய தாள்களிலே, வணிகம் கற்பிக்கும் எம் சக ஆசிரியர் ஒருவரின் துணையோடு, பிரகடனப் பத்திரத்தின் ஒவ்வொரு கூட்டிலும் கேட்கப்படுவது யாதென்று எளிய தமிழில் எழுதத் தொடங்கியுள்ளோம். முடிந்ததும் அதனை அப்பெண்களிடம் கொடுப்போம். அவர்களுக்கு விளங்காத சொல்லை மாற்றுவோம். மற்றை மாவட்டங்களிலுள்ள ஆசிரிய நண்பர்களும் சிங்கள ஆசிரியர்களும் இவ்வேலையிலே கைகொடுப்பார்களாயின், ஒரு நாள் அது அரசின் மேசைக்கும் செல்லும். சுங்கத்தைத் தவிர்க்கும்படி எந்தச் சோழனையும் நாம் வேண்டவில்லை. தீர்வை இருக்கட்டும், நாட்டுக்கு இறைவரி வேண்டும். பெட்டி முடைந்தவள் தன் பெட்டியைத் தன் பெயரிலே அனுப்பத்தக்க வழியொன்று வேண்டும் என்பதே எம் கோரிக்கை.